பிளாஸ்டிக் சர்ஜன் ஆவது எப்படி: படிப்பு முதல் பேர் நிலைக்கும் வரை

எம்.பி.பி.எஸ். பயிற்சி ஆண்டோடு சேர்த்து 5½ ஆண்டு, எம்.எஸ். பொது அறுவை 3 ஆண்டு, அதற்கு மேல் உயர் சிறப்புப் படிப்பான எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி 3 ஆண்டு. எந்தத் தேர்விலும் சறுக்காமல் போனாலே 11½ ஆண்டு ஓடிவிடும். தேர்வுக்குப் படிக்கும் இடைவெளி, அரசு ஒப்பந்தப் பணி, அதன்பின் கை அறுவையிலோ, மைக்ரோஸ்கோப் வழியே செய்யும் மைக்ரோ சர்ஜரியிலோ 1 ஆண்டு ஃபெல்லோஷிப் என்று சேர்த்துப் பார்த்தால், ஒரு கேஸைத் தனியாக ஏற்று நடத்தும்போது வயது 32, 33 ஆகியிருக்கும். இந்தக் கணக்கை வீட்டில் முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பாதியில் விட்டுப் போகிறவர்களில் பலர் படிப்பு கடினம் என்று போவதில்லை. வீட்டில் நெருக்கடி முற்றித்தான் போகிறார்கள்.

நுழைவதற்கு இரண்டு வழிகள். எம்.எஸ். முடித்து, உயர் சிறப்புப் படிப்புக்கான நீட்-எஸ்.எஸ். நுழைவுத்தேர்வு எழுதுவது ஒன்று. எம்.பி.பி.எஸ். முடித்ததும் நீட்-பி.ஜி. மதிப்பெண்ணைக் கொண்டு தேசியத் தேர்வு வாரியத்தின் 6 ஆண்டு டி.ஆர்.என்.பி. படிப்பில் நேரடியாகச் சேருவது மற்றொன்று. இரண்டாவதில் ஒரு பெரிய தேர்வு குறையும். ஆனால் சேரப்போகும் மருத்துவமனையில் தீக்காய வார்டும் விபத்துப் பிரிவும் சுறுசுறுப்பாக இல்லையென்றால் அந்த 6 ஆண்டும் மெலிந்துபோகும். எங்கள் பரிந்துரை எம்.எஸ். வழிதான். ரத்தப்போக்கைக் கண்டு கை நடுங்காத பழக்கம் அங்கேதான் வரும்.

தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை, வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் எம்.சிஎச். உண்டு, பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர். தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கமும் கை அறுவைக்கு ஸ்டான்லியும் பேர் பெற்றவை. சாய்வாக வெட்டுப்பட்ட விரல் நுனியை மூட டாக்டர் ஆர். வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் 1980-இல் வெளியிட்ட சாய்வு முக்கோண ஃப்ளாப்பை (ரத்த ஓட்டத்தோடு இடம் மாற்றும் திசுத் துண்டு) உலகெங்கும் கை அறுவை படிப்பவர்கள் இன்றும் கற்கிறார்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது தரவரிசைப் பட்டியலைப் பார்க்காதீர்கள். இப்போது அங்கே படிக்கும் பி.ஜி.க்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இரவில் எத்தனை எமர்ஜென்சி வரும்? இரவில் மைக்ரோஸ்கோப் கிடைக்குமா, அல்லது அறை பூட்டியிருக்குமா? மூன்றாம் ஆண்டில் கத்தி யார் கையில் இருக்கும்?

தோல் கிராஃப்டிலிருந்து தொடங்குங்கள்

ஓரிடத்தில் தோலைச் சீவி எடுத்துக் காயத்தின் மேல் வைப்பதுதான் தோல் கிராஃப்ட். எம்.எஸ். படிக்கும்போதே இதைக் கையில் எடுங்கள். சர்க்கரை நோய்ப் புண், விபத்துக் காயம் என்று பொது அறுவை வார்டில் கிராஃப்டுக்குக் குறைவே இல்லை. சீனியர்கள் சலித்துப்போய் ஜூனியரிடம் தள்ளிவிடுவார்கள், தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இத்துறையின் அரிச்சுவடி முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

தொடையிலிருந்து எடுக்கும் மெல்லிய கிராஃப்டின் கனம் 0.25 முதல் 0.4 மி.மீ. வரை. தோல் சீவும் ஹம்பி கத்தியில் பிளேடுக்கும் உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். 15-ஆம் எண் பிளேடின் கூர்விளிம்பு இறுக்கமாக நுழைந்தால் அது ஏறக்குறைய 0.4 மி.மீ. தொடையிலும் பிளேடிலும் பாரஃபின் எண்ணெய் தடவுங்கள். உதவியாளர் தோலை முன்னும் பின்னும் இழுத்துத் தட்டையாகப் பிடிக்கட்டும். கத்தி பக்கவாட்டில் வேகமாகப் போய்வர வேண்டும். முன்னோக்கி மெல்லத்தான் நகர வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து கத்தியை முன்னே தள்ளுவார்கள். அப்போதுதான் ஆழம் கூடும்.

எடுத்த இடத்தில் ரத்தப் புள்ளிகள் பொடிப்பொடியாக, நெருக்கமாகத் தெரிந்தால் கனம் சரி. பெரிய புள்ளிகளாகத் தள்ளித் தள்ளி இருந்தால் ஆழம் கூடிவிட்டது. மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, எடுத்த தோலைத் திரும்ப வைத்துத் தைத்துவிட்டு வேறு இடத்தில் எடுங்கள். சரியான கனத்தில் எடுத்த தொடை 10 முதல் 14 நாளில் ஆறும்.

வைத்த தோல் முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை அடியிலிருந்து ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிர் வாழும். 2, 3-ஆம் நாளில் இரண்டு பக்க நுண்குழாய்களும் ஒன்றோடொன்று பொருந்தும். 5-ஆம் நாள்வாக்கில் ரத்த ஓட்டம் நிலைப்படும். இந்த அட்டவணையை மனதில் வைத்தால் கிராஃப்ட் ஏன் போகிறது என்பது தானாகப் புரியும். அடியில் ரத்தமோ நீரோ தேங்கினால் தொடர்பு ஏற்படாது. தோல் நகர்ந்தால் உருவாகிவரும் நுண்குழாய் அறுந்துபோகும். பெரியாஸ்டியம் என்ற மேலுறை இல்லாத எலும்பு, உறை இல்லாத தசைநாண் ஆகியவற்றின் மேல் வைத்தால் ஊட்டவே ஆள் கிடையாது. பீட்டா ஹீமோலிடிக் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருந்தால் காலையில் பார்க்கும்போது கிராஃப்டே கரைந்திருக்கும். அதனால் வைப்பதற்கு முன் புண்ணில் தொட்டெடுத்த ஸ்வாப்பைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு பார்ப்பது கட்டாயம்.

மூட்டுக்கு அருகில் வைத்தால் ஸ்பிளின்ட் போடாமல் நோயாளியை வார்டுக்கு அனுப்பாதீர்கள். டிரெஸ்ஸிங்கை 5-ஆம் நாள் நீங்களே பிரியுங்கள். உப்புநீர் ஊற்றி ஊறவிட்டு, கடைசி அடுக்கை விளிம்போடு ஒட்டினாற்போல் மடித்து இழுங்கள், மேலே தூக்காதீர்கள். நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் 5 நாள் காத்திருக்கக் கூடாது. மிச்சமான தோலை உப்புநீரில் நனைத்த காஸில் சுற்றி, பெயரும் தேதியும் எழுதி, 4 டிகிரியில் வைத்தால் 2 வாரம் வரை பயன்படும்.

வெட்டுவதற்கு முன் துணியில் வெட்டுங்கள்

மடங்கிப்போன விரலையோ கழுத்தையோ விடுவிக்கும் இசட்-பிளாஸ்டி புத்தகத்தில் படித்தால் பிடிபடாது. நைந்த பனியன் துணியை எடுங்கள். நடுவில் 3 செ.மீ. கோடு. அதன் ஒரு முனையிலிருந்து வலப்பக்கமும் மறுமுனையிலிருந்து இடப்பக்கமும் 60 டிகிரியில் 3 செ.மீ. கோடுகள். மூன்றையும் வெட்டி இரண்டு முக்கோணங்களையும் இடம் மாற்றித் தையுங்கள். நடுக்கோடு திசை திரும்பியிருக்கும். பழைய திசையில் நீளம் 5 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். கோட்பாட்டளவில் 60 டிகிரிக்கு 75 சதவீதமும், 45 டிகிரிக்கு 50 சதவீதமும், 30 டிகிரிக்கு 25 சதவீதமும் நீளம் கூடும். தழும்புத் தோலில் அதைவிடக் குறையும்.

நீளத்தில் கிடைப்பது அகலத்திலிருந்துதான் வருகிறது. பக்கவாட்டில் தளர்ச்சி இருக்கிறதா என்று விரலால் கிள்ளிப் பார்க்காமல் கோடு போடாதீர்கள். மூன்று கோடுகளும் சமநீளம் இல்லையென்றால் ஒரு பக்கம் புடைத்து நிற்கும். முக்கோணத்தின் நுனி பழைய தழும்பிலேயே விழுந்தால் கறுத்துப்போகும். நுனியில் போடும் தையல் தோலின் மேற்பரப்புக்கு வராமல் உள்ளே புதைந்து போக வேண்டும். இல்லாவிட்டால் நுனிக்கு வரும் ரத்தத்தை நாமே சுருக்குப் போட்டு நிறுத்தியதாகும்.

இப்படி முன்கூட்டித் திட்டமிடுவதை இத்துறையின் அடிப்படையாக்கியவர் ஹெரால்ட் கில்லீஸ். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1882-இல் பிறந்து லண்டனில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்தவர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த வீரர்களுக்காக 1916-இல் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டில் தனிப்பிரிவு தொடங்கினார். 1917-இல் அது சிட்கப்பில் தனி மருத்துவமனையாக வளர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், ஜட்லண்டு கடற்போரில் முகம் வெந்துபோன மாலுமி ஒருவருக்கு மார்புத் தோலைத் தூக்கியபோது அதன் விளிம்புகள் உட்பக்கமாகச் சுருள்வதைக் கவனித்து, அப்படியே குழாயாகத் தைத்துவிட்டார். திறந்த சதை மூடப்பட்டதால் கிருமித்தொற்று குறைந்தது; ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் அது எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இழந்ததை அதே வகைத் திசுவால் ஈடுகட்டு, உயிருள்ள சதையை வீசாதே, முதல் திட்டம் தவறினால் கைவசம் இன்னொன்று இருக்கட்டும், அவசரமில்லாததை நாளைக்குத் தள்ளிவைப்பதில் இழுக்கில்லை: அவரும் அவரிடம் பயின்ற ரால்ஃப் மில்லார்டும் வகுத்த இந்த விதிகளுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

திட்டத்தைப் பின்னாலிருந்து போடப் பழகுங்கள். நெற்றித் தோலால் மூக்கு அமைப்பதை எடுத்துக்கொள்வோம். சுசுருத மரபில் வேரூன்றிய முறை இது. புனே அருகே நடந்த ஒன்றை 1794-இல் லண்டன் இதழ் ஒன்று படத்தோடு வெளியிட்டது, அதைப் படித்த லண்டன் சர்ஜன் கார்ப்யூ 1814-இல் இங்கிலாந்தில் செய்து பார்த்தார். தையல் நூல் வரும் ஃபாயில் உறையைக் கழுவி, மூக்கில் இல்லாமல் போன பகுதியின் அளவுக்கு வெட்டுங்கள். புருவத்தின் உள்முனையில், ரத்தக்குழாய் மேலேறும் இடத்தில் ஒரு காஸ் நாடாவின் நுனியை விரலால் அழுத்திப் பிடித்து, மறுநுனியை மூக்கின் நுனி வரை கொண்டுபோய் அளவெடுங்கள். அதே நாடாவை அழுத்திய விரலை எடுக்காமல் நெற்றிக்குத் திருப்பினால் ஃபாயில் எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும். ஃப்ளாப்புக்கு ரத்தம் கொண்டுவரும் காம்பின் அகலம் 1.2 முதல் 1.5 செ.மீ. போதும், அகலம் கூடினால் திரும்பாது. 3 வாரம் கழித்துத்தான் காம்பை வெட்ட வேண்டும். நாடாவை இழுத்துப் பிடித்து அளந்தால் ஃப்ளாப் குட்டையாகிவிடும், மூக்கு நுனியில் இழுவிசை விழும். நெகிழ்வாக அளந்து, அரை செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

மைக்ரோஸ்கோப்பின் கீழ்

1 மி.மீ. குழாயைத் தைக்கும் திறமை பிறவியில் வருவது என்பதை நம்பாதீர்கள். தினமும் 40 நிமிடம் உட்காரும் யாருக்கும் கை படியும். வாரக்கடைசியில் ஒரேயடியாக 5 மணி நேரம் உட்காருவதால் பலனில்லை. கை களைத்தபின் தவறான பழக்கம்தான் பதியும்.

முதலில் நாற்காலி உயரம். முழங்கை முதல் சுண்டுவிரல் ஓரம் வரை மேசையில் படிய வேண்டும். விரல்கள் மட்டுமே அசைய வேண்டும். கை நடுக்கம் என்று பயப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான பிரச்சினை தொங்கும் மணிக்கட்டுதான். கருவிகள் மூன்று போதும்: 5-ஆம் எண் ஜுவல்லர்ஸ் ஃபோர்செப்ஸ் (நுண்ணிய இடுக்கி) இரண்டு, ஸ்பிரிங் வைத்த நீடில் ஹோல்டர் ஒன்று. ஃபோர்செப்ஸின் நுனி ஒருமுறை மேசையில் பட்டு வளைந்தால் நூல் நழுவிக்கொண்டே இருக்கும். வேலை தொடங்கும் முன் நுனியை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்.

கையுறை ரப்பரில் ஒரு துண்டை அட்டையில் இழுத்து ஒட்டி 1 செ.மீ. கீறலிட்டு 8-0 நூலில் தொடங்குங்கள். பிறகு 9-0, 10-0; எண் கூடக் கூட நூல் மெலியும். தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டால் காலாவதியான பாக்கெட்டுகள் பயிற்சிக்குக் கிடைக்கும். ஊசியை நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் பிடியுங்கள். விளிம்பிலிருந்து ஊசியின் கனத்தைப் போல 2 அல்லது 3 மடங்கு தள்ளி, செங்குத்தாக நுழையுங்கள். நூலின் குட்டை முனையை 2, 3 மி.மீ. விட்டுவையுங்கள், அதைத் தேடுவதில்தான் ஆரம்பத்தில் நேரமெல்லாம் போகும். தையல்களின் இடைவெளியும் நீளமும் கண்ணுக்குச் சீராகத் தெரியும் வரை ரப்பரை விட்டு நகராதீர்கள்.

அடுத்தது கறிக்கடைக் கோழித் தொடை. தசைகளுக்கு நடுவே வெள்ளையாக ஓடும் தடித்த நரம்பின் அருகிலேயே தமனி இருக்கும். வெளியுறையை நுனியில் மட்டும் இழுத்துக் கத்தரித்து, உள்ளே கழுவி, 120 டிகிரி இடைவெளியில் இரண்டு தாங்கு தையல் போட்டு முன்சுவரை முடித்து, கிளாம்ப்பைத் திருப்பிப் பின்சுவருக்குப் போங்கள். 1 மி.மீ. குழாய்க்கு 6 முதல் 8 தையல் வேண்டும். முடித்ததும் குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். பின்சுவரைச் சேர்த்துப் பிடித்த தையல், உள்ளே தொங்கும் வெளியுறை நார், விளிம்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறியது என்று நோயாளியின் உடலில் ரத்தக்கட்டாக மாறக்கூடிய ஒவ்வொரு பிழையும் அங்கே தெரியும். இந்தத் திறந்து பார்க்கும் வேலையைத் தவிர்ப்பவர்கள் நூறு கோழி தைத்தாலும் தேற மாட்டார்கள். எலியின் தொடைத் தமனியில் பயிற்சி பெறுவதற்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி கட்டாயம். அதற்கென்று நடக்கும் பயிற்சி முகாமில் சேருவதே முறை.

தைத்தபின்தான் உண்மையான வேலை. குழாயைத் தைத்து ஃப்ளாப் மாற்றிய முதல் 24 மணி நேரம் மணிக்கொரு முறை, பிறகு 72 மணி நேரம் வரை இடைவெளி கூட்டிப் பார்க்க வேண்டும். அழுத்தி விட்டால் 2 வினாடியில் நிறம் திரும்புவது இயல்பு. நீலம் பாரித்து, 1 வினாடிக்குள் நிறம் திரும்பி, குத்தினால் கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தால் சிரை அடைப்பு. வெளுத்து, குளிர்ந்து, குத்தினாலும் ரத்தம் வராவிட்டால் தமனி அடைப்பு. நம் ஊர் மாநிறத் தோலில் நிறமாற்றம் தாமதமாகத்தான் கண்ணுக்குப் படும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் சூட்டையும் ஊசிக்குத்தையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் முதலில் டிரெஸ்ஸிங்கைத் தளர்த்துங்கள், இறுக்கமான தையலை வெட்டுங்கள், கழுத்தோ கையோ மடங்கிக் குழாயை நசுக்குகிறதா பாருங்கள். நிலைமை மாறவில்லை என்றால் தியேட்டருக்குத்தான். விடியட்டும் என்று காத்திருந்த ஃப்ளாப் பிழைப்பது அரிது. இரவுப் பணி சிஸ்டருக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லி, எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லுங்கள். வீணாகக் கூப்பிட்டால்கூட நன்றி சொல்லுங்கள். கடிந்துகொண்டால் அடுத்தமுறை அழைப்பு வராது.

தீக்காயக் கணக்கில் தவறு நடப்பது எங்கே

தீக்காயத்துக்கு ஏற்ற வேண்டிய திரவத்தைச் சொல்லும் பார்க்லேண்ட் சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்: 4 மி.லி. × எடை × வெந்த சதவீதம். 60 கிலோ எடை, 40 சதவீதம் என்றால் 24 மணி நேரத்துக்கு 9,600 மி.லி. ரிங்கர் லாக்டேட். பாதி, அதாவது 4,800 மி.லி., முதல் 8 மணி நேரத்தில். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. 2 மணி நேரம் கழித்து வந்தவருக்கு மீதமுள்ள 6 மணியில் ஏற்ற வேண்டும். மணிக்கு 800 மி.லி. வழியில் ஏற்றியதைக் கழித்துக்கொள்ளுங்கள். வெறுமனே சிவந்த இடத்தைச் சதவீதத்தில் சேர்க்கக் கூடாது; நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை ஏறக்குறைய 1 சதவீதம். சூத்திரம் தொடக்கப்புள்ளிதான். பெரியவர்களுக்குச் சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. வருகிறதா என்று பார்த்து அளவைக் கூட்டுங்கள், குறையுங்கள். 60 கிலோவுக்கு அது 30 மி.லி.

படமும் பதிவேடும்

சிட்கப்பில் ஓவியர் ஹென்றி டாங்க்ஸ் வீரர்களின் முகங்களை வரைந்தார். அவை மருத்துவப் பதிவாகவும் நின்றன. இன்று கேமரா இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை. முகத்துக்கு நேர், இரண்டு சாய்வு, இரண்டு பக்கம் என 5 படம். கைக்கு உள்ளங்கை, புறங்கை, விரித்தது, மடக்கியது. ஒரே தூரம், ஒரே வெளிச்சம், நீலத் துணிப் பின்னணி. ஆறு மாதம் கழித்து வேறு வெளிச்சத்தில் எடுத்த படத்தை வைத்துத் தழும்பு குறைந்ததாகச் சொல்வது நமக்கு நாமே சொல்லும் பொய். எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள், கோப்புக்குப் பெயரிடாமல் எண் இடுங்கள், சொந்தப் போனின் வாட்ஸ்அப்பில் வைக்காதீர்கள். பதிவேட்டில் சிக்கல் என்று ஒரு பத்தியும், அதற்கான காரணம் என்று இன்னொரு பத்தியும் இருக்கட்டும்.

ஊரும் அழைப்பும்

கோவை, திருப்பூர், ஓசூர் போன்ற தொழில் ஊர்களில் இயந்திரத்தில் சிக்கிய கை வரும். சிவகாசியில் வெடிவிபத்துத் தீக்காயம் வரும். பயிற்சிக்கு ஏற்ற ஊரைத் தேர்ந்தெடுங்கள். துண்டான விரலை ஏற்கும் முடிவில் இருந்தால், சுற்றியுள்ள சிறு மருத்துவமனைகளின் கேஷுவாலிட்டிக்கு நீங்களே போய்ச் சொல்லிக்கொடுங்கள்: துண்டை உப்புநீரில் நனைத்துப் பிழிந்த காஸில் சுற்றி, தண்ணீர் புகாத பாலிதீன் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த டப்பாவில் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேரடியாகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். குளிரில் வைத்த விரல் 24 மணி நேரம் வரைகூடத் தாங்கும். தசை நிறைந்த கை, முன்கை குளிரில் வைக்காவிட்டால் 6 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மயக்க மருத்துவரும் இரண்டாவது சர்ஜனும் இரவில் வர ஒப்புக்கொள்ளாத ஊரில் இந்தச் சேவையை அறிவிக்காதீர்கள். அறிவித்துவிட்டு மறுப்பதால் நோயாளி இழக்கும் 2 மணி நேரத்துக்கு ஈடே இல்லை.

அழகு சிகிச்சை வருமானம் தரும், அதில் தவறில்லை. ஆனால் முதல் சந்திப்பிலேயே தேதி கொடுக்காதீர்கள். பிறர் கண்ணுக்கே தெரியாத குறையைச் சொல்லித் தவிப்பவர், ஏற்கெனவே பல இடங்களில் செய்துகொண்டு எதிலும் நிறைவடையாதவர் இருவரையும் மனநல மருத்துவரிடம் அனுப்பாமல் கத்தியைத் தொடக் கூடாது. கொழுப்பு நீக்கத்தில் உறிஞ்சும் மொத்த அளவு 5 லிட்டரைத் தாண்டினால் ஆபத்து ஏறும். இரண்டு தவணையாகச் செய்யுங்கள். குறியிடுவது நோயாளி நிற்கும்போதுதான். படுத்ததும் கொழுப்பு இடம் மாறிவிடும்.

பிளவு உதட்டுக் குழந்தைகளைப் பார்க்கத் தொடங்கினால் 18 ஆண்டுக்கான பொறுப்பை ஏற்கிறீர்கள் என்று அர்த்தம். 10 வாரம், 10 பவுண்டு அதாவது 4.5 கிலோ, 10 கிராம் ஹீமோகுளோபின் ஆன பிறகு உதடு; ஏறக்குறைய 9 முதல் 18 மாதத்துக்குள் அண்ணம்; பிறகு பேச்சுப் பயிற்சி, பல் வரிசை, ஈறு எலும்பு, முக வளர்ச்சி முடிந்தபின் மூக்கு. குடும்பங்கள் வீடு மாறும், போன் எண் மாறும். முதல் நாள் கேஸ் ஷீட்டிலேயே அப்பா, அம்மா எண்ணோடு தாய்மாமனுடையதோ பக்கத்து வீட்டுக்காரருடையதோ ஒரு எண்ணையும் எழுதி வாங்குங்கள். வராத குழந்தைகளின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்து, யாரையும் ஏவாமல் நீங்களே கூப்பிடுங்கள்.